முகம் பார்த்துப் பேசுதலும் கூடியிருந்து காண்டலும்

இலண்டன் மாநகரில் வெளிவந்த 'பஞ்ச்' என்னும் நகைச்சுவைப் பத்திரிகை, 1879 ஆம் ஆண்டுக்கெனத் தயாரித்த சிறப்பு மலரில் ஒரு கற்பனைச் சித்திரத்தை வெளியிட்டது. அதனை வரைந்தவர் ஜோர்ஜ் டு மோரியர் என்னும் ஓவியர். இலண்டனிலுள்ள ஒரு வீட்டிலே தந்தையும் தாயும் கணப்படுப்பின் முன்னால் அமர்ந்திருக்கின்றனர். அடுப்புக்கு மேலே சுவரில் அகன்றதொரு திரை. அத்திரையிலே இளைஞரும் யுவதியரும் பந்தாடுகின்றனர். ஆட்டத்துக்கு அருகே இருக்கும் மகளுடன் தந்தை ஒரு பேசுகுழாயின் வழியாக உரையாடுகின்றார். ஆடுபவர்களுள் ஒரு பெண் யாரென்று விசாரிக்கின்றார். மகளும் மறுமொழி கூறுகின்றாள். அந்த மகள் இருக்கும் நாடு எது தெரியுமா? இலங்கை.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றது 1876 ஆம் ஆண்டிலே. அஃதாவது, குரலைக் கம்பிவழியே அனுப்பும் வித்தை கண்டுபிடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளும் நிறைவதற்கு முன்னரே, முகத்தையும் அனுப்பவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் பிறந்துவிட்டது. அந்த ஆசைக்கு ஓவியர் தேர்ந்தெடுத்த உதாரணம், கடல் கடந்து பிரிந்திருக்கும் ஒரு குடும்பம். அச்சித்திரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. தந்தையும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை இருவரும் சேர்ந்து பார்க்கின்றனர். பார்த்தபடி பேசுகின்றனர். முகம் பார்த்துப் பேசுதல், கூடியிருந்து காண்டல் ஆகிய இரண்டும் அந்த ஒரே சித்திரத்தில் அடங்கியிருந்தன.

இக்காலத்தில் அவ்விரண்டும் கையடக்கத் தொலைபேசியிலே கிடைக்கின்றன. திசை மாத்திரம் மாறிவிட்டது. அன்று பெற்றோர் இலண்டனிலும் பிள்ளைகள் இலங்கையிலும் இருந்தனர். இன்று பெற்றோர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்க, பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். ஆயினும் சித்திரம் வெளிவந்த நாளுக்கும் அது நனவாகிய நாளுக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. இயந்திரம் ஆயத்தமாகாதது மட்டும் அதற்குக் காரணமன்று. இயந்திரம் ஆயத்தமான பின்னரும் மக்கள் அதனை வேண்டாமென்று ஒதுக்கிய காலமும் உண்டு. அவர்கள் ஏன் ஒதுக்கினர், பின்னர் ஏன் ஏற்றனர், ஏற்றபின் எவற்றைக் குறைகூறினர் என்பவற்றை ஆராய்ந்தால், முகம் என்பது மனிதனுக்கு எத்தகைய உடைமை என்பது புலனாகும்.

1927 ஆம் ஆண்டு ஏப்ரில் 7 ஆந் திகதி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் ஒரு பரிசோதனையைப் பகிரங்கமாக நடத்தினர். அப்போது வர்த்தகச் செயலாளராகவும் பின்னர் ஜனாதிபதியாகவும் விளங்கிய ஹேர்பேர்ட் ஹூவர் வாஷிங்டனில் இருந்து பேச, அவர் குரலுடன் அவர் முகமும் நியூயோர்க்கில் இருந்தோருக்குத் தோன்றியது. படம் 50 வரிகளால் ஆயது, தெளிவற்றது, ஒருபுறம் மாத்திரமே சென்றது. நியூயோர்க்கில் இருந்தோரை ஹூவர் காணவில்லை. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1930 இல், அதே நியூயோர்க் நகரில் இரு கட்டடங்களுக்கிடையே இருபுறமும் காணும் தொலைபேசி அமைக்கப்பட்டது.

பொதுமக்கள் பணங்கொடுத்துப் பயன்படுத்தத்தக்க சேவையை முதலில் ஏற்படுத்திய நாடு ஜேர்மனி. 1936 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லைப்சிக் நகரச் சந்தை விழாவை ஒட்டி, பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே அந்நாட்டு அஞ்சல் துறை அச்சேவையைத் தொடக்கியது. பேச விரும்புவோர் இரு நகரங்களிலும் குறிக்கப்பட்ட கூடங்களுக்குச் செல்லவேண்டும். யுத்தம் மூண்டபின், 1940 இல் அச்சேவை நின்றுவிட்டது.

ஆயினும், முகங்காட்டும் தொலைபேசியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கின்றனர் என்பதை முறையாகக் கேட்டறியும் முயற்சி நிகழ்ந்தது 1964 ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு நியூயோர்க்கில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி தனது 'பிக்சர்போன்' என்னும் படத்தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தது. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்துடன் அது இணைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் கூண்டுக்குள் அமர்ந்து, கண்டத்தின் மறுகரையில் அமர்ந்திருந்த முன்பின் அறியாத ஒருவருடன் முகம் பார்த்துப் பேசினர். பேசி முடிந்து வெளியே வந்தவர்களிடம் அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கப்பட்டது.

கிடைத்த விடைகள் கம்பனியாருக்கு உவப்பாக இருக்கவில்லை. கருவி பருமனாக இருக்கிறது என்றனர். பொத்தான்களை இயக்குதல் கடினம் என்றனர். படம் மிகச் சிறியது என்றனர். எனினும், கம்பனியார் அவற்றைப் பொறியியற் குறைகளாகவே கருதினர். கருவியைச் சீராக்கினால் மக்கள் விரும்புவர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவ்வாண்டு யூன் மாதத்தில் நியூயோர்க், வாஷிங்டன், சிக்காகோ ஆகிய மூன்று நகரங்களில் பொதுக் கூண்டுகள் திறக்கப்பட்டன. ஜனாதிபதி ஜோன்சனின் துணைவியார் வாஷிங்டனில் இருந்து பேசி அதனை ஆரம்பித்து வைத்தார். மூன்று நிமிட உரையாடலுக்குக் கட்டணம், தூரத்துக்கேற்ப, 16 முதல் 27 டொலர் வரை. அக்காலத்தில் அது பெருந்தொகை. அன்றியும், பேசும் இருவரும் குறித்த நேரத்துக்குக் குறித்த கூண்டுக்கு வந்துசேர வேண்டும். வந்தவர்கள் மிகச் சிலரே.

1970 ஆம் ஆண்டு யூன் 30 ஆந் திகதி, பிற்ஸ்பேர்க் நகரிலே காரியாலயங்களுக்கான சேவை தொடங்கியது. மாத வாடகை 160 டொலர். அதற்குள் 30 நிமிட உரையாடல் அடங்கும். 1980 ஆம் ஆண்டளவில் பத்து லட்சம் கருவிகள் உபயோகத்தில் இருக்கும் எனக் கம்பனியின் அதிகாரிகள் எதிர்பார்த்தனர். ஐந்நூறு சந்தாதாரர்கூடச் சேரவில்லை. 1992 இல் அதே கம்பனி, சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலே இயங்கும் வீட்டுக் கருவியொன்றை 1,499 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. படம் விட்டுவிட்டு அசைந்தது. சில ஆண்டுகளுக்குள் அதுவும் சந்தையை விட்டு நீங்கிற்று.

இத்தோல்விகளுக்குக் காரணம் விலை ஒன்றுதானா? விலை ஒரு காரணமே. தொலைபேசி தனித்துப் பயன்படும் பொருளன்று என்பது மற்றொரு காரணம். ஒருவர் வீட்டில் தையல் இயந்திரம் இருந்தால் அவர் தைக்கலாம். அயலவரிடம் அது இருக்கவேண்டியதில்லை. முகங்காட்டும் தொலைபேசியோ, பேசப்படுவோரிடமும் இருந்தாலன்றிப் பயன்படாது. எவரிடமும் இல்லாததனால் எவரும் வாங்கவில்லை. எவரும் வாங்காததனால் எவரிடமும் இல்லை.

இவற்றினும் ஆழமான காரணமொன்று உண்டு. பெல் ஆய்வுகூடத்தில் முன்னர் பணியாற்றிய மைக்கேல் நோல் என்பவர் 1992 இல் இத்தோல்வியைப் பற்றி விரிவாக எழுதினார். குரலினால் நிறைவேறும் காரியத்துக்கு முகம் சேர்வதனாற் கிடைக்கும் மேலதிகப் பயன் சிறிதென்றே பலர் கருதினர் என்பது அவர் கொண்ட முடிபுகளுள் ஒன்று. அதனைச் சற்று விரித்து நோக்குதல் நன்று. தொலைபேசி மணி அடிக்கும்போது ஒருவர் தலை வாராமல் இருக்கலாம்; அடுப்படியில் வியர்த்து நிற்கலாம்; அழுது முடித்துக் கண் துடைத்துக்கொண்டிருக்கலாம். குரலைச் சீர்படுத்திக்கொண்டு அவர் பேசிவிடுவார். தொலைபேசி அளித்த சுதந்திரங்களுள் சிறந்தது, காணப்படாமல் இருக்கும் சுதந்திரம். அதனைக் காசு கொடுத்து இழப்பதற்கு மக்கள் உடன்படவில்லை.

பின்னர் நிலைமை எவ்வாறு மாறிற்று? முதலாவது மாற்றம் படத்தை அனுப்பும் முறையிலே நிகழ்ந்தது. குரலை மாத்திரம் சுமந்து செல்லப் போதுமான கம்பியிலே அசையும் படத்தைச் செலுத்துதல், ஒற்றையடிப் பாதையிலே தேரை இழுப்பது போன்றது. பழைய படத்தொலைபேசிக்கு ஏராளமான பேச்சுத் தொடர்புகளுக்கு வேண்டிய இடம் தேவைப்பட்டது. கணினி விஞ்ஞானிகள் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். பேசும் ஒருவரின் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. தோள் சிறிதே அசையும். உதடும் கண்ணும் அதிகம் அசையும். எனவே, முழுப் படத்தையும் மீண்டும் மீண்டும் அனுப்பாமல், முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் உள்ள வேற்றுமையை மாத்திரம் அனுப்பினாற் போதும். எஞ்சியதை மறுமுனையிலுள்ள கருவி தானே நிரப்பிக்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத நுண்விபரங்களையும் விட்டுவிடலாம். இவ்வாறு சுமை பன்மடங்கு குறைந்தது. இணைப்பு தளரும்போது முகம் சதுரம் சதுரமாகச் சிதைவதற்கும் காரணம் இதுவே. வேற்றுமைபற்றிய செய்திகள் உரிய நேரத்தில் வந்துசேராதபோது, கருவி தன்னிடமுள்ள பழைய துண்டுகளைக் கொண்டே படத்தை ஒட்டுப்போடுகின்றது.

இரண்டாவது மாற்றம், கருவி தனியே விற்கப்படாமல் வேறொன்றுடன் சேர்ந்து வந்தமை. 2003 இல் தோன்றிய ஸ்கைப், 2006 இல் படத்தையும் சேர்த்துக்கொண்டது. அப்பிள் கம்பனி 2010 இல் பேஸ்டைம் என்னும் வசதியைத் தனது தொலைபேசியில் அமைத்தது. வட்ஸ்அப்பில் 2016 நவம்பரில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது. செய்தி அனுப்புவதற்கும் குரலிற் பேசுவதற்கும் படம் பிடிப்பதற்குமென வாங்கிய கருவியிலே, இவ்வசதி ஒரு மூலையில் இலவசமாக அமர்ந்திருந்தது. எவரும் அதனைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மூன்றாவது மாற்றத்தைக் கொண்டுவந்தது கொள்ளைநோய். 2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி, நாடுகள் கதவடைத்தபோது, பள்ளிக்கூடமும் காரியாலயமும் வழிபாடும் திருமணமும் சிறு திரைக்குள் புகுந்தன. ஸூம் என்னும் சேவையிலே, 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த கூட்டப் பங்குபற்றுநர் தொகை, 2020 ஏப்ரிலில் முப்பது கோடியாக உயர்ந்ததென அக்கம்பனி அறிவித்தது. ஒருவரே ஒரு நாளிற் பல கூட்டங்களிற் சேர்ந்திருப்பராயின் அவர் பலமுறை எண்ணப்பட்டிருப்பார். ஆயினும் வளர்ச்சியின் வேகம் மறுக்கத்தக்கதன்று. 1964 இல் வேண்டாமென்ற மக்கள் 2020 இல் வேண்டுமென்றதற்குக் காரணம், அவர்கள் மனம் மாறியமை அன்று. வேறு வழி இல்லாமற் போனமையே.

அக்காலத்தில் இவ்வசதிக்குக் கிடைத்த நன்றி மொழிகள் உண்மையானவை. நெருங்குதல் தடைசெய்யப்பட்ட வைத்தியசாலைகளிலே, தாதியர் ஏந்திப் பிடித்த திரையின் ஊடாகப் பெற்றோருக்கு விடைகொடுத்த பிள்ளைகள் பல நாடுகளில் உண்டு. கைபற்ற முடியாத இடத்திலே முகத்தையாவது கண்டோம் என்பது அவர்களுக்கு ஆறுதலாயிற்று. அதுவே அவர்களுக்கு ஆறாத் துயரமும் ஆயிற்று.

கொள்ளைநோய்க்கு முன்னரும் பின்னரும் இவ்வசதியை ஐயமின்றி வரவேற்றவர்கள் செவிப்புலன் அற்றவர்கள். சைகை மொழியிற் பேசுவோருக்குப் பழைய தொலைபேசி மூடிய கதவாகவே இருந்தது. அவர்களுக்கு முகமும் கையும் அலங்காரமல்ல, அவையே மொழி. ஐக்கிய அமெரிக்காவிலே, செவிப்புலனற்றவர் திரையிற் சைகை செய்ய, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதனைக் குரலாக்கி மறுமுனைக்குக் கூறும் சேவைக்கு 2000 ஆம் ஆண்டில் அரசாங்க ஒழுங்குவிதிகள் இடமளித்தன. படம் தெளிவாக இருந்தாலும் அசைவு விட்டுவிட்டுத் தோன்றினால் விரலின் பொருள் கெட்டுவிடும் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். செக்கனுக்கு இருபது படங்களாவது வேண்டுமென்பது வல்லுநர் வகுத்த அளவு. சாதாரணப் பயனாளருக்குச் சிறு அசௌகரியமாகத் தோன்றும் குறை, இவர்களுக்கு வாயை அடைப்பதற்குச் சமம்.

நன்றி மொழிகளுடன் முறைப்பாடுகளும் எழுந்தன. அவற்றுள் முதன்மையானது களைப்பு. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து திரையிற் பேசியவர்கள், உடலால் ஒன்றும் செய்யாதிருந்தும் மாலையிற் சோர்ந்து விழுந்தனர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021 இல் இதற்கு நான்கு காரணங்களை எடுத்துரைத்தார். திரையிலுள்ள முகங்கள் இயல்புக்கு மாறாக நெருங்கியும் பெரியனவாயும் நின்று, இடையறாது நோக்குகின்றன. பேசுபவர் தமது முகத்தையே கண்ணாடியிற் காண்பதுபோல் நாள் முழுவதும் காண்கின்றார். எழுந்து நடமாட முடியாமற் கருவியின் பார்வைக்குள் கட்டுண்டு கிடக்கின்றார். நேரில் தானாகவே விளங்கும் குறிப்புக்களைத் திரையில் முயன்று காட்டவும் முயன்று அறியவும் வேண்டியிருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய விசாரணையில், மிகுந்த களைப்பு அடைவதாகக் கூறிய பெண்கள் ஏழு பேரில் ஒருவர். ஆண்களோ இருபது பேரில் ஒருவர். தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பதனால் உண்டாகும் மனக்கவலை இவ்வேற்றுமைக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. வேறோர் ஆய்விலே, 103 ஊழியர்கள் நான்கு வாரகாலம் அவதானிக்கப்பட்டனர். படக்கருவியைத் திறந்து வைத்திருந்த நாட்களிலே களைப்பு மிகுந்தது. பெண்களுக்கும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தோருக்கும் அது மேலும் மிகுந்தது. தம்மை நிலைநாட்ட வேண்டியவர் எவரோ, அவரே முகத்தினாற் கூடிய வரி செலுத்துகின்றார். படக்கருவியை மூடிவைக்கலாமா என்பது இங்கே பொறியியல் வினாவாக இல்லாமல் அதிகாரம் பற்றிய வினாவாகிவிடுகின்றது. மூடுவதற்கு உரிமை உடையவர் மேலாளர். மூடினால் அலட்சியமென்று எண்ணப்படுவாரோ என அஞ்சுபவர் ஊழியர்.

இரண்டாவது முறைப்பாடு தாமதம். மனிதர் உரையாடும்போது ஒருவர் நிறுத்துவதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையேயுள்ள நேரம் மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009 இல் வெளியான ஆய்வு, அது சராசரியாகச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்களவே எனக் காட்டியது. ஆகவே, இணைப்பினால் ஏற்படும் தாமதம் ஒரு வழிக்கு 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருத்தல் நன்றெனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதந்துரைத்தது. தாமதம் கூடினால் இருவரும் ஒருங்கே பேசத் தொடங்குவர். இருவரும் ஒருங்கே நிறுத்துவர். பின் 'சொல்லுங்கள், சொல்லுங்கள்' என்று ஒருவரையொருவர் உபசரித்துக் கொண்டிருப்பர்.

இதிலே கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஜேர்மனிய ஆய்வாளர் சிலர் 2014 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாமதமுள்ள இணைப்பிலே பேசியவர்கள் மறுமுனையில் இருந்தவரைக் கவனக்குறைவு உடையவர் என்றும் அத்துணை இணக்கமற்றவர் என்றும் மதிப்பிட்டனர். குற்றம் கம்பியில், பழியோ மனிதனில். தூரதேசத்து மகன் கேள்விக்கு உடனே மறுமொழி கூறவில்லையே என்று தாய் மனம் வருந்தும்போது, அவன் மனம் மாறவில்லை, அவன் குரல்தான் கடலடியில் தாமதித்துக்கொண்டிருக்கிறது என்பதை அவள் அறிதல் வேண்டும்.

இனி, கூடியிருந்து காண்டலை நோக்குவோம். ஒன்றாக அமர்ந்து கேட்பதும் பார்ப்பதும் இந்நாட்டவருக்குப் புதியன அல்ல. ஊருக்கொரு வானொலிப் பெட்டி இருந்த காலத்திலே அதனைச் சூழ்ந்து அயலவர் அமர்ந்தனர். 1979 இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியபோதும் அவ்வாறே பெட்டியிருந்த வீடு ஊரார் வீடாயிற்று. பின்னர் வீட்டுக்கொரு பெட்டியும் அதன்பின் கைக்கொரு திரையும் வந்தன. சேர்ந்து பார்த்தல் குறைந்தது. குறைந்ததை மீட்பதற்கே இப்புதிய வசதிகள் தோன்றின எனலாம்.

நெற்பிளிக்ஸ் படங்களைப் பல வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் பார்ப்பதற்கு உதவும் 'நெற்பிளிக்ஸ் பார்ட்டி' என்னும் இணைப்புச் செயலி 2020 இல் மிகுந்த பிரபலம் பெற்று, பின்னர் 'ரெலிபார்ட்டி' எனப் பெயர் மாறியது. டிஸ்னி கம்பனி 2020 செத்தெம்பரில் ஏழுபேர் வரை ஒருங்கே படம் பார்க்கும் வசதியைத் தந்தது. அப்பிள் கம்பனி 2021 யூனில் 'ஷெயார்பிளே' என்பதை அறிவித்து, ஒக்டோபரில் வெளியிட்டது. முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே திரைப்படத்தையோ பாடலையோ அனைவரும் ஒரே கணத்தில் காணவும் கேட்கவும் இது வழிசெய்தது.

இது இயங்கும் விதம் பலருக்கும் தெரிவதில்லை. ஒருவர் பார்க்கும் படத்தை அவருடைய தொலைபேசி மற்றவருக்கு அனுப்புவதாக எண்ணுவது தவறு. ஒவ்வொருவருடைய கருவியும் அப்படத்தைத் தன் சந்தாவைக் கொண்டு தானே தருவித்துக்கொள்கின்றது. அவர்களுக்கிடையே பரிமாறப்படுவது சிறு கட்டளைகள் மாத்திரமே: இந்த நிமிடத்தில் தொடங்குக, இங்கே நிறுத்துக, பத்துச் செக்கன் பின்னே செல்க. ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். ஒருவர் பேசத் தொடங்கினால் படத்தின் ஒலி தானாகத் தணியும். கோயில் மேளத்தைப் பல ஊரவர் தத்தம் வானொலியிற் கேட்கையில், எல்லோருடைய பெட்டியின் விசையும் ஒரே கையில் இருப்பது போன்றது இது.

பயனாளரின் முறைப்பாடுகள் பெரும்பாலும் இவ்வமைப்பிலிருந்தே பிறந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியே சந்தா செலுத்தவேண்டும். வீட்டிலே ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்காமல் அருகிருந்து பார்த்தல் போல் இங்கே இயலாது. ஒரு நாட்டிற் கிடைக்கும் படம் மறுநாட்டிற் கிடைப்பதில்லை. ஷெயார்பிளே வெளிவந்தபோது நெற்பிளிக்ஸ் அதிற் சேர்ந்திருக்கவில்லை. அப்பிள் அல்லாத தொலைபேசி வைத்திருப்போர் இணைப்பு முகவரியின் மூலம் பேச்சிற் சேரலாமென்று அவ்வாண்டிலே வழி திறக்கப்பட்டது. ஆயினும் சேர்ந்து பார்த்தலில் அவர்களுக்கு இடம் அளிக்கப்படவில்லை. ஒரே குடும்பத்திலே விலையுயர்ந்த கருவி உடையவர் உள்ளேயும், மலிவான கருவி உடையவர் வாயிலிலும் நின்றனர். ஊரார் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் அத்தகைய வாயில் இருந்ததில்லை.

எனினும், இவ்வசதியைப் பயன்படுத்தியோர் கண்ட நன்மை ஒன்று ஆழமானது. முகத்துக்கு முகம் நோக்கிப் பேசும்போது எதையாவது சொல்லவேண்டிய கடமை உண்டாகின்றது. 'சாப்பிட்டீர்களா, சுகமா, மழையா' என்பவற்றைக் கேட்டு முடித்தபின் மௌனம் வந்தால், அம்மௌனம் பாரமாகின்றது. நேரிலே மனிதர் நெடுநேரம் அவ்வாறு அமர்வதில்லை. திண்ணையில் அருகருகே அமர்ந்து தெருவைப் பார்ப்பர். முற்றத்தில் ஒருவர் காய் நறுக்க மற்றவர் பேசுவர். இருவர் கண்ணும் மூன்றாவதொரு பொருளிலே பதியும்போது, மௌனம் பாரமாவதில்லை. உரிய வேளையிற் சொல் தானே வரும். சேர்ந்து பார்த்தல் இந்த அருகிருத்தலைத் தருகின்றது. நெற்பிளிக்ஸ் பார்ட்டி முகத்தைக் காட்டாமல் எழுத்துரையாடலை மாத்திரம் வைத்துக்கொண்டே பிரபலமானது. உடனிருத்தல் வேண்டும், ஆனாற் காணப்படுதல் வேண்டாம் என்னும் பழைய விருப்பம் 1964 இல் இருந்தது போலவே இன்றும் இருக்கின்றது என்பதற்கு அதுவே சான்று.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. இவ்வசதிகள் நிலையானவை அல்ல. டிஸ்னி தனது சேர்ந்து பார்க்கும் வசதியை 2023 செத்தெம்பரில் நிறுத்திவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு முதன்முதலில் முகங்காட்டிய ஸ்கைப், 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. பழக்கப்பட்ட பொத்தானைத் தேடி முதியவர் திகைப்பதும், பேரப்பிள்ளைகள் புதியதொன்றைக் கற்றுக்கொடுப்பதும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. உறவு நெடுங்காலத்தது, அதனைத் தாங்கும் சேவையோ ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தது. ஆகவே, ஒரு வழி மூடினாலும் மறுவழி இருக்குமாறு, உறவினரின் தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதிவைத்தல் முதியோருக்கு நன்று.

பல நாட்டவரின் அனுபவங்களையும் ஆய்வுகளையும் தொகுத்து நோக்கும்போது சில நடைமுறைகள் தெளிவாகின்றன. முகம் பார்க்கும் அழைப்புக்கு முன் ஒரு சிறு செய்தியால் அனுமதி கேட்டல் முதலாவது. யாழ்ப்பாணத்தில் இரவு எட்டு மணி ஆகும்போது ரொறன்ரோவில், கோடைகாலமாயின், காலை பத்தரை, மாரிகாலமாயின் ஒன்பதரை. அங்கே அது வேலைநேரம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தொலைபேசியைக் கையிற் பிடிக்காமல் கண்மட்டத்தில் சாய்த்து வைத்தலும், வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வரும்படி அமர்தலும் நன்று. தன் முகத்தை மறைக்கும் வசதி பல சேவைகளில் உண்டு; அதனைப் பயன்படுத்தினாற் களைப்புக் குறையும். குரல் மட்டும் போதுமென்று மறுமுனையில் இருப்பவர் கூறினால், அதனை அன்பின் குறைவாகக் கொள்ளலாகாது. பேச்சு வற்றிப்போகும் குடும்பங்கள், சேர்ந்து ஏதாவது செய்தல் பயனுடையது. அதற்குத் திரைப்படமே வேண்டுமென்பதில்லை. ரொறன்ரோவிலுள்ள மகள் குழம்பு வைக்க, தாய் இங்கிருந்து புளியின் அளவைச் சொல்லலாம். நல்லூர்த் தேரை ஒருவர் தொலைபேசியிற் காட்ட, கடல் கடந்தோர் பார்த்தபடி பேசலாம். சந்தாவும் வேண்டாம், அப்பிள் கருவியும் வேண்டாம்.

டு மோரியரின் சித்திரத்திலே அந்தத் தந்தையும் அதையே செய்தார். மகள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தானும் பார்த்தார்; ஆடுபவர் யாரென்று கேட்டார்; அவள் வாழும் வாழ்வுக்குள் சிறிதுநேரம் அமர்ந்திருந்தார். 1964 இல் பொருட்காட்சிக் கூண்டிலிருந்து வெளியே வந்தவர்களிடம் கருவியின் பருமனையும் படத்தின் அளவையும் பற்றிக் கேட்டனர். கருவியின் பருமன் குறைந்துவிட்டது. படத்தின் அளவு பெருகிவிட்டது. பிள்ளைகள் அழைக்கும்போது எதைச் சேர்ந்து பார்ப்பது என்பதை மட்டும் எந்தக் கம்பனியும் தீர்மானித்துத் தர முடியாது. அதனை அவ்வவ் வீட்டவரே கண்டுகொள்ள வேண்டும்.